ராட்டினம் ஏற எந்த ஊருக்குப் போவது?

பொங்கல் முடிந்த மறுவாரம் பெங்களூரிலிருந்து பிள்ளை போன் செய்தான். மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டுமாம். மருமகள் எக்செல்லில் ஒரு பட்டியலே போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். மூன்று வரிசை. முதலாவது பாரிஸ் டிஸ்னிலேண்ட். இரண்டாவது சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். மூன்றாவது, சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூரில் புதிதாகத் திறந்திருக்கும் வொண்டர்லா. விமானக் கட்டணம், விசா, ஓட்டல், நுழைவுச் சீட்டு, சாப்பாடு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, கீழே கூட்டுத்தொகை வேறு. காலம் முழுக்க ஆபீசில் ஸ்டேட்மென்ட் போட்டே தேய்ந்தவன் நான். இவ்வளவு சுத்தமாக நான் ஒரு நாளும் போட்டதில்லை.

"அப்பா, நீங்க பாத்துட்டு ஒண்ணு சொல்லுங்க. பசங்க ரெண்டு பேரும் பிடுங்கி எடுக்கறாங்க" என்றான்.

கூட்டலைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒரு கட்டம் விட்டுப்போன மாதிரி இருந்தது.

"நோட் போடுறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைப் புரட்டு" என்பது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைக்காலில் என் சூப்பிரண்டு சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் பீரோவிலிருந்து 2014ஆம் வருஷத்து டைரியை எடுத்தேன். அந்த வருஷம் மே மாதம் நாங்கள் ஐந்து பேர் பாரிஸ் போனோம். நான், மனைவி, பிள்ளை, மருமகள், அப்போது நாலு வயதான பேரன். பேத்தி அப்போது பிறக்கவில்லை.

இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் அக்காவைத் தெரியும். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அம்மா வயல்வேலை, மாட்டுவேலை என்று ஓடிக்கொண்டிருந்ததால் என்னைத் தூக்கி வளர்த்தது அவர்தான். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் தொட்டில் ராட்டினத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு முதன்முதலாகச் சுற்றியதும் அவர்தான். மரத்தால் செய்த நாலு தொட்டில், இரண்டு ஆள் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். ஆளுக்கு ஓரணா. மேலே போகும்போது எல்லா வீட்டு மாடியிலிருந்தும் ஜனங்கள் மாம்பழம் இறைப்பது தெரிந்தது. எனக்குத் தலை சுற்றி அக்கா பாவாடையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டேன் என்பதை இன்றைக்கும் போனில் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஒரு சொல்தாவுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் யாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமோ அவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம். 'ஒப்சியோன்' எழுதுவது என்பார்கள். அத்தான் எழுதினார், அக்கா பிரான்சுக்குப் போனார். எங்கள் தெருவில் இன்னும் சிலர் எழுதினார்கள். எங்கள் அப்பா எழுதவில்லை. ஆனால் என்னை மட்டும் கடைசிவரை பிரெஞ்சு வழியிலேயே படிக்க வைத்தார். இது இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது, யாரும் சொல்லவும் இல்லை.

டைரிக்கு வருகிறேன். அக்கா இருப்பது பாரிசுக்குக் கிழக்கே நுவாசி-லெ-கிரான் என்ற ஊர். அங்கிருந்து டிஸ்னிலேண்டுக்கு ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் அரைமணிகூட ஆகாது. மொத்தம் பத்து நாள் இருந்தோம். இரண்டு நாள் டிஸ்னிக்குப் போயிற்று, அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பூங்கா இருப்பதால். ஈபில் கோபுரமும் லூவ்ரும் ஒரு நாள். வெர்சாய் ஒரு நாள். லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெரு ஒரு நாள். மிச்ச நாளும் இப்படி ஏதேதோ. அக்கா வீட்டில், அக்காவோடு, வெளியே எங்கும் போகாமல் முழுசாக உட்கார்ந்தது ஒன்றரை நாள்.

டிஸ்னி போன முதல் நாள் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இருந்தது பன்னிரண்டு மணி நேரம். வரிசையில் நின்றது நாலே முக்கால் மணி நேரம். ராட்டினங்களில் உட்கார்ந்து சுற்றியது, எல்லாம் சேர்த்து, முப்பத்து நாலு நிமிஷம். டிக்கெட்டுக்கு என் ஒரு மாதப் பென்ஷன் போயிற்று. பூங்காவைக் குறை சொல்லவில்லை. உலகமே வந்து நிற்கிற இடத்தில் வரிசை இல்லாமல் எப்படி இருக்கும்? தப்பு எங்கள் திட்டத்தில்தான்.

அங்கே மலை ரயில் ஒன்று உண்டு, பிக் தண்டர் மவுண்டன் என்று பெயர். ஒரு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் குழந்தையை ஏற்றுவார்கள். பேரன் இரண்டு விரல்கடை குறைந்து போனான். அழுது புரண்டான். அளந்த பெண்ணிடம் நான் பிரெஞ்சில் கெஞ்சிப் பார்த்தேன். நான் படித்த பிரெஞ்சு, புத்தகப் பிரெஞ்சு. நம் ஊரில் ஒருவன் பஸ் கண்டக்டரிடம் செந்தமிழில் சில்லறை கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 'மிசியே' போட்டு மரியாதையாகப் பதில் சொன்னாள், ஆனால் விடவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக மற்றவர்கள் மலை ரயிலுக்குப் போக, நானும் பேரனும் பெஞ்சில். வால்ட் டிஸ்னியின் கதை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தன் பெண் குழந்தைகளைக் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அமெரிக்காவில் 1955 ஜூலை 17ஆம் தேதி முதல் டிஸ்னிலேண்ட் திறந்தது. காரைக்கால் கைமாறி எட்டரை மாதம் ஆகியிருந்த சமயம். அவர் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். எழுபது வருஷம் கழித்தும் தாத்தாக்கள் எழுந்த பாடில்லை.

ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. ஜூல் வெர்னின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல். நடந்தே பார்க்கலாம், உயரக் கணக்கு கிடையாது. உள்ளே ஒரு வட்டக் கண்ணாடிக்கு அப்பால் ராட்சதக் கணவாய் ஒன்று வந்து முட்டும். பேரன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். (ஆமாம், வேட்டியில்தான் போனேன். ஐந்தாறு பேர் போட்டோ எடுத்தார்கள்.) "பயப்படாதே, இந்தக் கப்பல் கேப்டன் நம்ம ஊர்க்காரர்" என்றேன். பொய் இல்லை. கேப்டன் நேமோ யார் என்பதை வெர்ன் 1875இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் அவிழ்க்கிறார். புந்தேல்கண்டு இளவரசர் டக்கார், வெள்ளைக்காரனை எதிர்த்த இந்தியர். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்த அன்று நானும் என் சிநேகிதர்களும் அடைந்த பெருமைக்கு அளவில்லை. பிரெஞ்சுக்காரர் எழுதிய கதை, இந்தியக் கதாநாயகன், அமெரிக்கக் கம்பெனி, பார்க்க வந்தவன் காரைக்கால்காரன். டிக்கெட் பணத்தில் கால்வாசி அங்கேயே தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களே அந்தப் பூங்காவை முதலில் ஏற்கவில்லை. 1992 ஏப்ரல் 12ஆம் தேதி திறந்தபோது, நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் அதைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றார். சாப்பாட்டோடு வைன் கிடையாது என்று கம்பெனி சொன்னதில் பாதி நாடு கொதித்தது, அடுத்த வருஷமே விட்டுக்கொடுத்தார்கள். திறந்து இரண்டு மாதம் கழித்து விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வாசலை மறித்தார்கள். அது அமெரிக்காவின் விவசாயக் கொள்கை மேல் இருந்த கோபம். அந்த இடமே முன்பு சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு விளைந்த வயல். நல்ல நஞ்சையைப் பிளாட் கல் நட்டுப் பார்த்துப் பழகிய நம் ஜில்லாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரி, அந்த இரண்டு நாளும் அக்கா என்ன செய்தார்? அப்போதே மூட்டுவலி, நடக்க முடியாது. "நீங்க போயிட்டு வாங்க தம்பி, புள்ளைக்காகத்தானே வந்தீங்க" என்றார். முதல் நாள் ராத்திரி வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பப் பதினொன்றரை. அக்கா சாப்பாட்டு மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வெந்தயக் குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பளம் எல்லாம் மூடி வைத்திருந்தது. வாழைக்காய்க்காக லா ஷப்பேல் வரைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பியிருக்கிறார். நாங்கள் பூங்காவிலேயே ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று வயிற்றை அடைத்திருந்தோம். மறுநாளும் அதே கதை.

கடைசி நாள் சாயங்காலம், பெட்டி கட்டி முடித்த பிறகு, அக்கா அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வரச் சொன்னார். உள்ளே அப்பா எழுதிய கடிதங்கள், முத்திரை வைத்த சில காகிதங்கள், நான் பார்த்தே இராத ஒரு போட்டோ. "அப்பா ஒப்சியோன் எழுதாததுக்கு ஒரு காரணம் இருக்கு தம்பி. உனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். கீழே டாக்சி வந்து நின்றது. பிள்ளை கைக்கடிகாரத்தைக் காட்டினான். "சரி, அடுத்த தடவை நிதானமாப் பேசுவோம்" என்று டப்பாவை மூடிவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு எண்பத்தைந்து முடிந்துவிட்டது. போனில் காது சரியாகக் கேட்பதில்லை. நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்கிறார். கடைசியில் இரண்டு பேரும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வைத்துவிடுகிறோம்.

மருமகளின் பட்டியலில் விட்டுப்போன கட்டம் இதுதான். போகிற ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள், அவர்களோடு எத்தனை மணி நேரம்?

என் கட்சியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ராட்டினம் ஏறுவதற்காக ஒருவன் கடல் தாண்ட வேண்டியதில்லை. ராட்டினத்தை உள்ளூரில் ஏறிக்கொள்ளலாம். கடல் தாண்டினால் மனுஷாளைப் பார்க்கத் தாண்டலாம், அல்லது அந்த மண்ணில் மட்டும் இருக்கிற ஒன்றைப் பார்க்கத் தாண்டலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் போட்டுக் கலக்கினால் ராட்டினம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்கு டிக்கெட் வாங்கியாயிற்று. அக்காவுக்கு டிக்கெட் இல்லை.

இது கிழவன் புலம்பல் என்று பிள்ளை நினைப்பான் என்று தெரிந்து, அவனையே ஒரு கேள்வி கேட்டேன். 1988இல் எல்.டி.சி.யில் அவனை டில்லிக்கு அழைத்துப்போனேன். எல்.டி.சி. என்றால் பழைய சர்க்கார் ஆட்களுக்குத் தெரியும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவுக்குள் எங்கு வேண்டுமானாலும் போய்வர ரயில் சார்ஜ். 86-89 பிளாக் காலாவதியாவதற்குள் எடுத்தேன். டில்லியில் பிரகதி மைதானத்தில் அப்பு கர் என்று 1984 நவம்பரில் திறந்த விளையாட்டுப் பூங்கா அப்போது நாடு முழுக்கப் பேச்சு. 82 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்பு ஞாபகம் இருக்கும், அதன் பெயர்தான். (2008இல் அதை மூடிவிட்டார்கள்.) எட்டு வயதுப் பிள்ளையை அங்கே ஒரு முழுநாள் சுற்றிக்காட்டினேன்.

"அப்பு கர்ல என்னடா ஞாபகம் இருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "யானை பொம்மை ஒண்ணு இருந்துச்சுல்ல? அவ்வளவுதான்ப்பா. ஆனா ட்ரெயின் நல்லா ஞாபகம் இருக்கு. நாக்பூர்கிட்ட அனல் அடிச்சதுல அம்மா துண்டை நனைச்சு ஜன்னல்ல கட்டினாங்க. நீங்க பல்லார்ஷாவுல தண்ணி பிடிக்க இறங்கி, வண்டி கிளம்பி, நான் அழுதேன்."

நான் ஓடி வந்து வேறு பெட்டியில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி இவர்களிடம் வந்து சேர்ந்தேன். எனக்கே அது மறந்து போயிருந்தது.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாக்காரனுக்கு அது வெளிநாடே இல்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர்ப் பணம் புழங்கும். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் சென்னை போவதற்கே அதைவிட அதிகம் ஆகிறது. விசாவும் ஏஜெண்ட் மூலம் சுலபம், முப்பது வெள்ளி. பிரெஞ்சு விசாவுக்குப் பெரியவர்களுக்குத் தொண்ணூறு யூரோ கட்டி, முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்பீடு எடுத்து, விரல் ரேகை வைக்கச் சென்னைக்கு ஒரு நடை அலைய வேண்டும். செலவில் சிங்கப்பூர்தான் கெட்டிக்காரத்தனம். சென்டோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் வந்தது. ஹாலிவுட் படத்து டைனோசரும் எகிப்து மம்மியும் சுத்தமாகப் பராமரித்து வைத்திருக்கிறார்களாம். போய்வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை. ஹாலிவுட் டைனோசரைப் பார்க்கச் சீன ஓட்டலில் ஐந்து ராத்திரி தங்குவானேன் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் அடுத்த தெரு வாத்தியார் மூன்று மாதம் பெண் வீட்டில் தங்கிச் சிங்கப்பூரிலிருந்து வந்தார். சென்டோசா பக்கமே போகவில்லை. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து லிட்டில் இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். ஆள் இரண்டு கிலோ ஏறி, சிரித்த முகமாகத் திரும்பினார்.

இனி உள்ளூர். முன்பெல்லாம் நமக்கு இருந்தது கோயில் திருவிழாவும் பொருட்காட்சியும்தான். ஜெயண்ட் வீல், மரணக் கிணறு, தட்டு அகல டெல்லி அப்பளம். பிறகு சென்னையில் ஒவ்வொன்றாக வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., அதன் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதர். அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்காதவர் நம் வயதில் யார்? 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படம் எடுத்த நவோதயா அப்பச்சன் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா கட்டினார். வொண்டர்லாக்காரர்களும் கேரளாதான். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே வி-கார்டு ஸ்டெபிலைசர், அதை விற்றவர் 2000இல் கொச்சியில் முதல் பூங்காவைத் திறந்தார். தமிழ்நாட்டுக்கு வருவதாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்து, கேளிக்கை வரி விலக்குக்காகக் காத்திருந்து, ஒரு வழியாக 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்தார்கள். ஃபைல் நகர்கிற வேகம் நமக்குத் தெரியாததா?

அங்கே பெரிய ராட்டின ரயிலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'தஞ்சோரா'. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். அதைச் செய்த கம்பெனி பொல்லிஜே - மபியார், ஸ்விட்சர்லாந்தில் மோந்தே என்ற ஊர். அது அந்த நாட்டின் வலே மாகாணத்தில், பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் இருக்கிறது. உலகத்துப் பெரிய பெரிய பூங்காக்களுக்கெல்லாம் ராட்டின ரயில் செய்து கொடுக்கிறவர்கள் இவர்கள். பிரெஞ்சு படித்தவன், தஞ்சாவூரில் குடியிருக்கிறவன், எனக்காகவே செய்த மாதிரி இல்லை? எழுபத்து நாலு வயதில் ஏறப் போவதில்லை, அது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, வெளிநாட்டில் கிடைக்கிற அதே இரும்பு, அதே தயாரிப்பாளர், இப்போது ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறது என்பதுதான்.

திருவிழா ராட்டினமே போதாதா என்று சிலர் கேட்பீர்கள். நான் அதில் வளர்ந்தவன்தான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் மாட்டுகிற ராட்டினத்தில், எந்த நட்டை யார் முறுக்கினார்கள் என்று தெரியாமல் பேத்தியை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு விரல்கடை குறைந்ததற்கு ஒரு தாத்தாவின் கெஞ்சலையும் பேரனின் அழுகையையும் பார்த்துக்கொண்டு அளவுகோலை நகர்த்தாமல் நின்றாளே அந்தப் பெண், பெரிய பூங்காவில் நாம் கொடுக்கிற பணத்தில் முக்கால்வாசி அதற்குத்தான்.

உள்ளூர்ப் பூங்கா எல்லாமே உசத்தி என்று சொல்லவில்லை. மே மாத வெயிலில் தார்ப்பாதையில் கால் வைக்க முடியாது. சில இடத்தில் வீட்டுச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, உள்ளே ஒரு தயிர்சாதத்துக்குச் சொத்தை எழுதி வாங்குகிறார்கள். கிழவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். எத்தனை ராட்டினம் என்று பார்க்காதீர்கள். நிழலில் எத்தனை பெஞ்சு, பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று முன்னாடியே போன் செய்து கேளுங்கள். பள்ளிக்கூட லீவு ஆரம்பிக்கும் முன், வாரநாளில் போங்கள்.

என் மனைவி இதற்கெல்லாம் மேலே போய், "பேசாம எல்லாரையும் மனோராவுக்குக் கூட்டிட்டுப் போங்க. கடல் காத்து வாங்கிட்டு மல்லிப்பட்டினத்துல மீன் வறுவல் சாப்பிட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் நெப்போலியனை இங்கிலீஷ்காரன் ஜெயித்ததைக் கொண்டாடச் சரபோஜி ராஜா 1814-15இல் கட்டிய கோபுரம் அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு அங்கே மீன் வறுவல் கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

பிள்ளைக்கு என் முடிவை நாலு வரியில் எழுதி அனுப்பினேன். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் எல்லாரும் திருப்போரூர், இரண்டு நாள், என் செலவு. மே மாதம் பாரிஸ், ஓட்டல் கிடையாது, அக்கா வீடு, டிஸ்னி கிடையாது.

உடனே போன் வந்தது. "பாரிஸ் வரைக்கும் போயிட்டு டிஸ்னி போகலன்னா பாப்பா சும்மா இருப்பாளாப்பா? ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க."

அதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அறுபத்து மூன்று வருஷத்துக் காகிதமும் பிஸ்கட் டப்பாவும் எதற்கு? "அப்ப நீயும் மருமகளும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒரே ஒரு நாள் போயிட்டு வாங்க. நானும் அம்மாவும் வரல. எங்க டிக்கெட்டைப் போடாதே" என்றேன். நடுவில் போனைப் பிடுங்கிப் பேத்தி, "தாத்தா, திருப்போரூர் முதல்ல. அது ப்ராமிஸ்தானே?" என்றாள். பாரிசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செலவுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஓட்டலும் இரண்டு பேர் டிக்கெட்டும் போனதில் கூட்டுத்தொகை நன்றாகவே இறங்கியது. இருந்தாலும் சிங்கப்பூரைவிட அதிகம்தான். வித்தியாசத்தை என் வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சம்பா நெல் போட்ட பணமும் அடுத்த மாதம் வந்துவிடும்.

நேற்று ராத்திரி அக்காவிடம் பேசினேன். இந்தத் தடவை வீடியோவில், பக்கத்து வீட்டுப் பெண் உதவிக்கு இருந்தாள்.

"அக்கா, மே மாசம் வர்றோம்."

"யாரு?"

"நாங்க. எல்லாரும். மே மாசம்."

"டிஸ்னிக்கா?"

"இல்லக்கா. உங்க வீட்டுக்கு." காதில் விழவில்லை. அந்தப் பெண் குனிந்து அவர் காதில் பிரெஞ்சில் சொன்னாள். "அந்த பிஸ்கட் டப்பா இருக்கா?" என்று நான் கத்தியதையும் அவளே திருப்பிச் சொன்னாள்.

அக்கா கையை உயர்த்தி அலமாரியின் மேல்பக்கம் காட்டினார். போனில் அது தெரியவில்லை, கூரையும் அக்கா விரலும்தான் தெரிந்தது.

மனைவியின் பாஸ்போர்ட் போன வருஷமே காலாவதி. அதைப் புதுப்பிக்க வரும் வியாழக்கிழமை பத்தேகால் மணிக்கு இங்கேயே தஞ்சாவூர் சேவை மையத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டில் அவளுடைய இனிஷியல் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும். அதை மட்டும் நானே என் கையால் எழுதிவிடுவேன்.